நான் பார்த்த ஒரே துணி

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. போன மாதம் பம்பாய் சுனாபட்டியில் எங்கள் கட்டடத்துக்கு வந்த செல்வி என்ற நர்ஸ் பெண், தன் மையத்துக்கு வந்து பழைய அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டாள். மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. அங்கே பிரவுன் ஷுகர் போதைப் பழக்கம் உள்ள பெண்கள் வருகிறார்களாம். பிள்ளை வேண்டாம், ஏதாவது செய்யுங்கள் என்று கேட்கிறார்களாம்.

"ஆன்ட்டி, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு வேற சொல்றாங்க. எங்க மேடம் அவங்கள நம்பவே மாட்டேங்கறாங்க. உங்க காலத்துலயும் இப்படி வந்திருப்பாங்கல்ல? நீங்க எப்படி நம்புனீங்க?"

நாங்கள் நம்பவில்லை. அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தேன். என் வீட்டுக்காரர் குர்லாவில் லேத் பட்டறையில் இருந்தார். தாராவியில் புதிதாகக் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் திறக்கிறார்கள், தமிழ் பேசும் ஆயா வேண்டும் என்று கோயிலில் சொன்னார்கள். போனேன். பதினைந்து நாள் பழக்கினார்கள். கருவிகளை எத்தனை நிமிஷம் கொதிக்க வைப்பது, லூப்பை மட்டும் ஏன் கொதிக்க வைக்கக் கூடாது, பெண்கள் பயந்து காலை இறுக்கிக்கொண்டால் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவது கடைசிவரை சரியாக வரவில்லை.

லூப் என்றால் இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. பிள்ளை உண்டாகாமலிருக்கக் கருப்பைக்குள் வைப்பது. வெள்ளை பிளாஸ்டிக்கில் பாம்பு நெளிந்தது போல் இருக்கும், நுனியில் இரண்டு நூல். கொதிநீரில் போட்டால் வளைவு போய்விடும், அதனால் அயோடின் தண்ணீரில் ஊறப்போடுவோம். அது வந்த புதிது. யாருக்கும் அதன்மேல் நம்பிக்கை இல்லை. நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றார்கள். புருஷனுக்கு ஷாக் அடிக்கும் என்றார்கள். பெண்டாட்டி எதற்காக அதை வைத்துக்கொண்டாள் என்று புருஷன்மார் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். நம் ஜனத்தைக் குறைக்க சர்க்கார் ஆள் எண்ணுகிறது என்று ஒரு கூட்டம் சொல்லும். தோல் பதனிடும் சந்தின் வாடைக்கு நடுவே இரண்டு அறை. அங்கே வந்த எல்லோரும் எதையாவது சந்தேகப்பட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டவர் எங்கள் டாக்டர் அலமேலு அம்மா.

மாட்டுங்காவில் வீடு. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து பஸ்ஸில் வந்து, மீதித் தூரம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். வந்ததும் கை கழுவுவார். ஒவ்வொரு பெண்ணுக்கு முன்னும் கழுவுவார், பின்னும் கழுவுவார். வருகிறவர்களின் முகத்தை முதலில் பார்க்க மாட்டார். கையைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், கடைசியில்தான் கண்ணைப் பார்ப்பார். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பது அவர் வழக்கம். சீட்டு எழுதும்போது ஒரு தடவை, ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஒரு தடவை, மேஜைமேல் படுத்த பிறகு ஒரு தடவை. தீட்டு வந்த நாளைப் பற்றிய கேள்வி அது: "கடைசியா தூரம் எப்போ?"

மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் கையுறையை எடுப்பார். ஒன்று மாறினாலும் சீட்டை மடித்துவிடுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. வயிற்றில் ஏற்கனவே பிள்ளை இருக்கும்போது லூப் வைத்தால் ஆபத்து. கலைப்பதற்காகவே அதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் கலைத்தால் போலீஸ் கேஸ். அதனால் தீட்டு நாளில், அல்லது அது முடிந்த கையோடு மட்டுமே லூப் வைப்பது என்று சட்டம் போட்டிருந்தார். வாயால் சொன்னால் போதாது, வைத்திருக்கும் துணியைக் காட்ட வேண்டும். அதைப் பார்ப்பது என் வேலை. மூலையில் ஒரு திரை கட்டியிருந்தோம். அதற்குள் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, நோட்டில் 'துணி பார்த்தது' என்ற கட்டத்தில் நான் ஒரு டிக் போட வேண்டும். என் டிக் விழாமல் டாக்டரம்மா லூப்பைத் தொட மாட்டார்.

இசக்கி முதல் தடவை வந்தது ஒரு வெயில் காலத்தில். நம் பக்கத்துப் பேச்சு. தோல் கம்பெனியில் உப்புத் தோலில் மயிர் வழிக்கிற வேலை. முப்பது வயது இருக்கும், நாற்பது சொல்லலாம்.

"எத்தன பிள்ளைங்க?" என்றேன்.

"பெத்தது அஞ்சு எக்கா. இருக்கது மூணு."

"கடைசிப் பிள்ளை?"

"அது பத்தொம்பது நாளு இருந்துச்சு. பத்தொம்பது நாளும் அழுதுச்சு. பாலு குடுத்தாலும் அழுகை, தூக்குனாலும் அழுகை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. பெறவு அழ முடியாம கெடந்துச்சு." அவள் கையைச் சொறிந்துகொண்டாள். "இன்னொண்ண அப்படிப் பாக்க என்னால முடியாது எக்கா. அதுக்குத்தான் வந்தேன்."

பெஞ்சில் இருந்த ஒருத்தி, "நீ திங்கதுதான ஏட்டி அதுக்கும் பால்ல போயிருக்கும்" என்றாள்.

இசக்கி திரும்பிப் பார்க்கவில்லை. "உன் பிள்ளைக்குப் பால்கோலி உருட்டிக் குடுத்துத் தூங்கப் போட்டுட்டுத்தான நீ வேலைக்குப் போற? அதுல மட்டும் என்ன, கல்கண்டா இருக்கு?" என்றாள். பிள்ளைகளைத் தூங்கவைக்கும் அந்த உருண்டையிலும் அபின்தான் இருக்கும். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

இசக்கிக்கு மூன்றாவது பிரசவத்தில் இடுப்பு வலிக்கு மருத்துவச்சி கடுகளவு அபின் கொடுத்தாளாம். நாற்பது நாளில் தோல் வழிக்கப் போக வேண்டியிருந்தது. கடுகு மிளகாயிற்று, மிளகு கொண்டைக்கடலையாயிற்று. அவள் புருஷன் சுடலைக்கு சர்க்கார் கடையில் அபின் வாங்கப் பாஸ் இருந்தது. இவளுக்குப் பாஸ் இல்லை. அவனுக்கு அளந்து கொடுப்பதில் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். கண்மணி ஊசி முனைபோல் சுருங்கியிருந்தது.

"கடைசியா தூரம் எப்போ?"

"பொங்கலுக்கு முன்ன இருக்கும்மா."

இரண்டாவது தடவை கேட்டபோது, "கார்த்திகையோ என்னமோ" என்றாள். மூன்றாவது தடவை, "தெரியலம்மா. எனக்கு அது ஒழுங்கா வாரதில்ல" என்றாள்.

டாக்டரம்மா சீட்டை மடித்தார். "தூரம் வந்த அன்னிக்கு வா."

"அது எப்ப வரும்னு எனக்கே தெரியாதே அம்மா."

"வந்தா தெரியுமோல்லியோ? அன்னிக்கு வா."

அவள் போனபிறகு எனக்கே மனசு கேட்காமல், "பெரிய ஆஸ்பத்திரியில தவளை டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமே டாக்டரம்மா" என்றேன். நானாகப் பேசியது அபூர்வம். அப்போது கர்ப்பமா என்று அறிய அந்தப் பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். கர்ப்பம் என்றால் சில மணி நேரத்தில் தவளையின் உடம்பில் அடையாளம் தெரிந்துவிடும்.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அபின் சாப்பிடறவ பாட்டில்ல குடுக்கறது அவளோடதுதான்னு நீ சத்தியம் பண்ணுவியா ஞானப்பூ? பக்கத்தாத்துப் பொண்ணோடதைக் கொண்டு வந்தா? நம்பறதுக்கு நான் கோவில் நடத்தலை. கிளினிக் நடத்தறேன்."

நான் சத்தியம் பண்ணவில்லை. அலமாரியில் கர்ப்பம் தடுக்கும் நுரை மாத்திரை டப்பாக்கள் இருந்தன. லூப் வைக்காதவர்களுக்கு அதையாவது கொடுப்போம். இசக்கிக்கு அதுவும் கொடுக்கவில்லை. வெளியே விற்றுவிடுவாள் என்று கம்பவுண்டர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தாள். தூரம் வரவில்லை, ஆனால் வயிற்றில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும் என்றாள். டாக்டரம்மா பார்க்கவே மறுத்துவிட்டார். ஆடி முடிந்து இன்னொரு தடவை வந்தாள். அன்றைக்கும் அதே பதில்தான்.

புரட்டாசியில் ஒரு காலை, கிளினிக் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. அதற்குமுன் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எக்கா, வந்துட்டு. விடியக்காலைல வந்துட்டு. வேலைக்குப் போவாம ஓடியாந்தேன்."

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். திரைக்குள் ஒரு பெண் சேலையை விலக்கினால் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். "சரிதானே?" என்று கேட்பேன். "சரிதான்" என்பார்கள். வெளியே வந்து டிக் போடுவேன். முதல் நாளிலிருந்து அப்படித்தான். அந்த நோட்டில் இருந்த டிக் எல்லாம் சுவரைப் பார்த்துப் போட்டது. நல்ல சேலை, எண்ணெய் வைத்த தலை, கழுத்தில் மஞ்சள் கயிறு என்று வருகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இசக்கியைத் திரைக்குள் கூட்டிப்போனபோது நான் திரும்பிக்கொள்ளவில்லை.

"காட்டு" என்றேன்.

அவள் காட்டினாள். துணியில் அங்கங்கே கொஞ்சம், பழுப்பாக. தீட்டு என்றால் எனக்குத் தெரிந்தது என் உடம்பில் வருவதுதான். இது அப்படி இல்லை. விரலில் தொட்டு வைத்ததுபோல் இருந்தது. அந்தச் சந்தில் கோழி அறுக்கும் கடை இருந்தது. என் புத்தி நேராக அங்கே போயிற்று.

"எங்க எடுத்த இத?"

"என்னது எக்கா?"

"கோழிக்கடைல எடுத்தியா?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். குரல்தான் இறங்கியது. "எனக்குக் கொஞ்சமாத்தான் வருது எக்கா. அபின் திங்க ஆரம்பிச்சதுலேருந்து இப்படித்தான். நல்லா பாருங்க. எத்தனையோ மாசத்துக்குப் பெறவு வந்துருக்கு. இத விட்டா எப்ப வரும்னு தெரியாது."

நான் வெளியே வந்து டாக்டரம்மாவிடம், "எனக்குச் சரியாத் தெரியல" என்றேன். பெஞ்சுக்குக் கேட்டுவிட்டது. ஒருத்தி, "கோழி முட்டை போட்டுதா ஏட்டி, ரத்தம் மட்டுந்தானா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சீட்டை மட்டும் மடித்தார்.

இசக்கி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனாள். சந்து முனையில் கோழிக்கடையைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸ் தாண்டியது. ஒருநாள் மாட்டுங்காவிலிருந்து ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். டாக்டரம்மாவின் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர், ஆபீஸில் பெரிய வேலை. அவர் மனைவிக்குப் புரட்டாசியில் இங்கேதான் லூப் வைத்தோம். இப்போது அந்த அம்மாவுக்கு ஐந்தாம் மாதம்.

"உள்ளே அதுவும் இருக்கு, குழந்தையும் இருக்குன்னா என்ன வைத்தியம் பண்றேள் நீங்கள்?" என்று சத்தம் போட்டார்.

டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார். லூப் வைத்த அன்றே அந்த அம்மாள் முழுகாமல் இருந்திருக்கிறாள். மறுநாள் அவளே வந்தாள். மல்லிகைப்பூ, பட்டுக்கரைச் சேலை, கண்ணெல்லாம் சிவப்பு.

"பொய்தான் சொன்னேன் மாமி. நாள் தள்ளிப் போயிருந்தது. அந்த வாரம்தான் மாமியார் ஊருக்குப் போயிருந்தா. அதை விட்டா நான் வெளியிலே வர முடியாது. வைக்க மாட்டேன்னுடுவேளோன்னு பயம்."

நல்லவேளை, பிரசவம் வரை அவளுக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை. அவள் போன பிறகு டாக்டரம்மா நோட்டை எடுத்து அந்தத் தேதியைத் திறந்தார். அவள் பெயருக்கு எதிரே என் டிக்.

"ஞானப்பூ. இவ துணியை நீ பாத்தியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பாக்கலையா? சரி. இந்தப் பக்கத்துல எத்தனை பாத்தே?"

அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். திருப்பத் திருப்ப டிக். "இந்த நோட்டு முழுக்க எத்தனை பாத்திருக்கே? வாயைத் திறந்து சொல்லு."

"ஒண்ணு."

"யாரோடது?"

"இசக்கியோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். குர்லாவில் என் வீட்டுக்காரர் பட்டறை கதவடைப்பில் இருந்த நேரம் அது.

"பாத்தது ஒண்ணே ஒண்ணு" என்றார் கடைசியில். "அதைக் கோழின்னே. நானும் சரின்னேன். பொய் சொன்னவா எல்லாருக்கும் வெச்சு அனுப்பியாச்சு."

"நான் நின்னுக்கிடுதேன் டாக்டரம்மா. வேற ஆளப் போடுங்க."

"உன்னை அனுப்பிட்டா அவளைத் தேடறதுக்கு நான் யாரை அனுப்புவேன்? அவ மூஞ்சி உனக்குத்தானே தெரியும்?"

அடுத்த திங்கட்கிழமை ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார். அபின் பழக்கம் உள்ளவர்களுக்குத் தீட்டு தள்ளிப்போகும், நின்றும் போகும், வந்தாலும் கொஞ்சமாக வரலாம் என்று அதில் போட்டிருப்பதாகச் சொன்னார். தீட்டு இல்லாவிட்டாலும் பிள்ளை உண்டாகலாமாம். இசக்கி சொன்ன மூன்று பதிலும் மாறியதற்குக் காரணம் பொய் இல்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இருந்ததை அவள் எங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

அவளைத் தேடிப் போனேன். நாலு சந்து தாண்டி, சாக்கடைமேல் பலகை போட்ட ஒரு கோலி. ஒற்றை அறை. என்னைப் பார்த்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். உள்ளே சுடலை எதையோ டப்பாவில் போட்டு மூடும் சத்தம்.

"யாரு அனுப்புனா? போலீஸா?"

"இல்ல இசக்கி. டாக்டரம்மா வரச் சொன்னாங்க."

"எதுக்கு? பாஸ் இல்லாம திங்கேன்னு எழுதிக் குடுக்கவா?"

"துணி உன்னோடதுதான்னு தெரிஞ்சுபோச்சு. என்மேலதான் தப்பு."

அவள் கதவிடுக்கு வழியே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா" என்றாள்.

மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை சுடலைதான், "போயிட்டு வாயேம்புள்ள, இந்தப் பொம்பளைக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சுபோச்சு" என்றான். வந்தாள். அதற்குப் பிறகு தூரம் வரவே இல்லை என்றாள். டாக்டரம்மா அவளிடம் கேள்வியை ஒரே தடவைதான் கேட்டார். தவளை டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

கக்கூசுக்குள் பாட்டிலோடு அவளை அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். அவள் கதவைச் சாத்தவில்லை.

"உள்ள வா எக்கா."

"வேண்டாம் இசக்கி, நீயே..."

"வா. நல்லா பாரு. பெறவு மாட்டு மூத்திரம்னு சொல்லிறப்பிடாதுல்லா."

பார்த்தேன். அழுகை வந்தது, சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பாட்டிலைத் துணிப்பையில் வைத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. கர்ப்பம். டாக்டரம்மா உள்பரிசோதனை செய்து பார்த்தார். இரண்டு மாதம் இருக்கும் என்றார். துணியோடு வந்து திரும்பிப் போனது நாலு மாதத்துக்கு முன்பு. கணக்கு எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. இசக்கி சொன்னதை எட்டு மாதமாக யாரும் நம்பவில்லை. தவளை சொன்னதை ஒரே நாளில் எல்லோரும் நம்பினோம்.

அவள் அழவில்லை. "பத்தொம்பது நாளு அழுகையக் கேக்க இந்தத் தடவ நீயும் வா எக்கா" என்றாள். இவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாய்க்கு அபின் பழக்கம் உண்டு, பிள்ளை பிறந்ததும் அதற்காகத் துடிக்கும், பசி என்று நினைத்து விட்டுவிட வேண்டாம், கவனிக்கவும் என்று. எழுதிவிட்டு இசக்கியிடம் படித்துக் காட்டினார். "இதைக் குடுத்தா அவாளுக்குத் தெரிஞ்சுடும். போலீஸுக்கு யாரும் சொல்ல மாட்டா, நான் பேசியிருக்கேன். குடுக்கறதும் கிழிக்கறதும் உன் இஷ்டம்." டாக்டரம்மா ஒருவரிடம் உன் இஷ்டம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். இசக்கி அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். கொடுப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கொடுத்திருக்கிறாள். ஆவணியில் பெண் பிள்ளை. வார்டுக்குப் போய் நானும் அந்த அழுகையைக் கேட்டேன். அதை எழுத வராது எனக்கு. ஆனால் அங்கே ஒரு நர்ஸ் கடிகாரம் பார்த்துச் சொட்டு மருந்து கொடுத்தாள், நாள் போகப் போகக் குறைத்தாள். இருபதாம் நாள் பிள்ளை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. இசக்கி அதை ஏதோ அதிசயம்போல் எனக்குக் காட்டினாள்.

நாற்பது நாள் கழிந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். பெஞ்சு நிறையப் பெண்கள். நான் நோட்டும் பென்சிலுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். 'துணி பார்த்தது' என்ற கட்டம் இன்னும் நோட்டில் இருந்தது.

எல்லோருக்கும் கேட்கும்படி இசக்கி சொன்னாள்: "துணி கொண்டாரல எக்கா. இன்னைக்குக் கடைல கோழி இல்ல."

பெஞ்சு சிரித்தது. போன வருஷம் சிரித்தவர்களில் சிலர் அதிலும் இருந்தார்கள். என்னால் தலை தூக்க முடியவில்லை. உள்ளேயிருந்து தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"யாரு, இசக்கியா? அவளை உள்ளே அனுப்பு ஞானப்பூ" என்றார் டாக்டரம்மா. "நீ குழந்தையை வாங்கிக்கோ."

பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். நான் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு கோடு அடித்தேன். பக்கத்தில் 'இசக்கி சொன்னாள்' என்று எழுதினேன்.